தண்ணீர் டேங்க்குக்குக் கடன் கொடுத்தவன் யார்?

இதில் ஒரு சொல்கூடக் கற்பனை இல்லை. வலது கையை உயர்த்தி, இடது கையைக் காப்பிக் கோப்பையின் மேல் வைத்துச் சத்தியம் செய்கிறேன். பைபிள் எட்டாத அலமாரியில் இருக்கிறது. நான் சொல்வது பொய்யானால், இந்தக் குளிர்காலம் முழுக்க உறைந்த ஏரியில் துளை போட்டு உட்கார்ந்தாலும் என் தூண்டிலை ஒரு மீனும் மோந்து பார்க்காமல் போகட்டும்.

மின்னசோட்டா மாநிலத்தில் ஹால்டன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாப்பாட்டுக் கடையின் ஜன்னலோர மேசையில் ஆர்டெல் ட்வெட்டன் தன் தண்ணீர்க் கட்டணச் சீட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் முன்பக்கம், பிறகு பின்பக்கம், பிறகு காகிதத்தின் தடிமன்.

ஆர்டெலுக்கு வயது எழுபத்தொன்று. நாற்பது வருடம் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்து, விற்றுவிட்டு ஓய்ந்தவர். எதையும் நம்ப மாட்டார். கடையில் டஜன் முட்டை வாங்கினால் திறந்து எண்ணுவார்; எண்ணிவிட்டு மூடித் திரும்பவும் திறந்து எண்ணுவார். வங்கி வாசலில் இருக்கும் வெப்பமானி குளிரைக் குறைத்துக் காட்டுகிறது என்று சந்தேகப்பட்டு வீட்டில் மூன்று வெப்பமானிகள் மாட்டினார். மூன்றும் ஒரே அளவு காட்டியபோது, தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டன என்று ஒன்றைக் கழற்றிக் கார் கொட்டகையில் தனியாக வைத்தார்.

"பதினெட்டு டாலர் ஏத்தியிருக்கான்யா லோவெல்!" என்றார் எதிரே இருந்த நண்பரிடம். "'டேங்க் கட்டணம்'னு போட்டிருக்கான். மாசாமாசம் பதினெட்டு!"

லோவெல் பிரான்ட்வோல்ட் அப்பத்தில் பாகு ஊற்றிக்கொண்டிருந்தார். "புது டேங்க் கட்டினாங்களே, அந்தக் கடனை அடைக்கத்தான்."

"கடன் வாங்கினதை நீ பாத்தியா?"

"நான் எங்க பாத்தேன்?"

"டேங்க் உள்ள தண்ணி இருக்கறதையாவது பாத்தியா?"

லோவெல் பாகு ஊற்றுவதை நிறுத்தினார். அவர் பார்த்ததில்லை.

அன்று மதியமே ஆர்டெல் சோதனையில் இறங்கினார். பெரிய ஸ்பானரால் டேங்க்கின் நான்கு கால்களையும் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மூன்று மாவட்டங்களிலும் நாய்கள் குரைத்தன. பிறகு ஏணி ஏறிப்போய், ஆழம் பார்க்கத் தூண்டிலை உள்ளே இறக்கினார். இரண்டரைப் பவுண்டில் ஒரு மீன் சிக்கியது. தண்ணீர் நல்ல தண்ணீர் என்பதற்கு அதுவே சாட்சி என்று வேறு யாராவது திருப்தி அடைந்திருப்பார்கள். ஆர்டெலோ, நூற்றிருபது அடி உயரத்துக்கு மீனை ஏற்றிய செலவு எந்தக் கணக்கில் எழுதப்பட்டது என்று யோசித்தபடி இறங்கினார்.

மறுநாள் மனு தயாரானது. 'டேங்க் கட்டணத்தை ரத்து செய். கடன் கொடுத்தவன் வந்து கேட்டுக்கொள்ளட்டும்.' ஊரில் இருநூற்று அறுபத்தாறு வீடுகள். பத்து நாளில் இருநூற்று நாற்பத்தொரு கையெழுத்து. அதோடு நின்றாரா? மாநிலத்தின் நன்மையைக் கருதி மனுவைப் படியெடுத்து, இதுபோலக் கட்டணம் ஏற்றிய பதினோரு ஊர்களுக்குச் சொந்தத் தபால்தலை ஒட்டி அனுப்பினார். பதினோரு ஊர்களிலிருந்தும் நன்றி சொல்லிக் கடிதம் வந்தது. ஒரு ஊர்க்காரர்கள் பள்ளிக்கூட வரியையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார்கள். தாராளமாக என்று பதில் போட்டார்.

சனிக்கிழமை காலை ஊர்க்கூட்டம். இரண்டு நாள் முன்னதாக மனுவைக் கொடுக்க ஊர் அலுவலகத்துக்குப் போனார். அங்கே கிளார்க் ஜோலீன் வ்ரீஸ் கையெழுத்துக்களைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஆர்டெல், இது ஓட்டுக்குப் போனா ஜெயிச்சிரும். அப்புறம் கடனைக் கட்டக் காசு இருக்காது."

"கட்டாதீங்க."

"குடுத்தவங்க சும்மா விடுவாங்களா?"

"யாரு குடுத்தவன்? நியூயார்க்ல உயரமான கட்டடத்துல உக்காந்திருக்கானே, அவன்தானே? பேரைச் சொல்லு. மேயருக்கு மச்சானா?"

"ஊர் கடன் பத்திரம் வெளியிட்டுச்சு. மொத்தத்தையும் ஒரு மியூச்சுவல் ஃபண்டுக்காரங்க வாங்கிட்டாங்க." அவள் கோப்பைப் புரட்டினாள். "'வடதாரகை மின்னசோட்டா வரியில்லா ஃபண்டு'."

ஆர்டெல் அந்தப் பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டார். எங்கேயோ கேட்ட பெயராக இருந்தது. கேட்ட பெயராக இருந்ததே அவருக்குப் பெரிய சந்தேகத்தைக் கொடுத்தது. ஆள் வைத்து நம் காதில் போட்டிருக்கிறார்கள்!

வீட்டுக்கு வந்து மனைவி மார்லிஸிடம் காட்டினார். மார்லிஸுக்குக் கண்ணின் நடுப்பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. ஆறு வாரத்துக்கு ஒரு முறை கண்ணில் ஊசி போட்டால்தான் இருக்கிற பார்வையாவது நிற்கும். காப்பீடு கொடுத்தது போக மிச்சத்தைக் கையிலிருந்து கட்ட வேண்டும். அவள் பூதக்கண்ணாடியை வைத்துப் பெயரைப் படித்தாள்.

"ஏன் ஆர்டெல், இது நம்ம ஃபண்டு."

"எந்த நம்ம ஃபண்டு?"

"கடை வித்த பணத்தைப் போட்டியே. ஒரு லட்சத்து அறுபத்து நாலாயிரம். மாசம் நானூத்தி அறுபது வருதே, என் ஊசிக்கு. அது."

நடந்தது இதுதான். ஆறு வருடம் முன்பு கர்ட்டிஸ் ஆஸ்ட்பி என்ற முதலீட்டு ஆலோசகர், மின்னசோட்டா ஊர்கள் வெளியிடும் கடன் பத்திரங்களை மட்டும் வாங்கும் ஃபண்டு என்று சொன்னார். வட்டிக்கு மத்திய அரசு வரி இல்லை, மாநில வரியும் இல்லை என்றார். அந்த 'இல்லை'யைக் கேட்டதும் ஆர்டெலுக்குள் அறுபது வருடமாகக் கண்விழித்துக் காவலிருந்த சந்தேகம் அப்படியே சாய்ந்து குறட்டை விட்டது. காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். அரையாண்டுக்கு ஒரு முறை ஃபண்டிலிருந்து தடியாக ஒரு அறிக்கை வரும். அதைப் பிரிக்காமலே மீன் செதில் தேய்க்கும்போது கீழே விரிப்பார்.

"முட்டையை ரெண்டு தடவை எண்ணுறே," என்றாள் மார்லிஸ். "இதை ஒரு தடவை படிச்சிருக்கலாம்."

மீன் வாசம் போகாத அறிக்கை ஒன்று கொட்டகையில் கிடைத்தது. முப்பத்தேழாம் பக்கம். கண் நன்றாகத் தெரிகிறவர் ஒருநாளும் படிக்காததைக் கண் தெரியாதவள் பூதக்கண்ணாடி வைத்து வரிவரியாகப் படித்தாள்.

"ஹால்டன் ஊர், தண்ணீர் டேங்க்... இருக்கு. டோர்விக் ஊர், ஆஸ்பத்திரி. நீ கடுதாசி போட்ட ஊர்தானே?"

"ஆமா."

"கிளைன்பர்க், பள்ளிக்கூடம்?"

"அங்கயும் போட்டேன்."

"ஸ்டெல்லாபரி, சாக்கடை சுத்திகரிப்பு?"

"அங்க ரெண்டு போட்டேன். மொதல் கடுதாசியைத் தபால்காரன் அமுக்கிட்டான்னு நெனச்சேன்."

பதினோரு ஊரும் அந்தப் பட்டியலில் இருந்தன.

ஆர்டெல் கர்ட்டிஸைத் தொலைபேசியில் பிடித்தார். "என் பணத்தை ஊர் ஊரா இறைச்சிருக்கே, நீ சொல்லவே இல்லையே!"

"மூணு தடவை சொன்னேன் ஆர்டெல். ரிஸ்க் இருக்கு, படிங்கன்னேன். 'அதை விடு, வரி உண்டா இல்லையா'ன்னீங்க."

"ஒரு ஊரு கட்டலேன்னா முழுகிருமா?"

"ஒரு ஊரு கட்டலேன்னா நூறு டாலருக்கு முப்பது சென்ட் போகும். பெருசா தெரியாது. ஆனா எல்லாம் ஒரே மாநிலம் பாருங்க. பத்துப் பதினோரு ஊரு ஒரே நேரத்துல கையை விரிச்சா, மத்த ஊர்ப் பத்திரத்தையும் ஒருத்தன் தொட மாட்டான். விலை சரியும், வட்டியும் குறையும். ஆனா கவலைப்படாதீங்க. எந்த மடையன் பதினோரு ஊரைக் கிளப்பிவிடப் போறான்?"

ஆர்டெல் தொலைபேசியை வைத்தார்.

"திங்கக்கிழமை வித்துட்டு வெளிய வந்துடலாம்," என்றார். "மனு அது பாட்டுக்குப் போகட்டும்."

"அப்ப நஷ்டம் யாரு தலையில விழும்?"

"உள்ள மிச்சம் இருக்கற யாரோ தலையில."

"அந்த யாரோ வீட்டுலயும் கண்ணு மங்கினவ ஒருத்தி இருப்பா," என்று சொல்லிவிட்டு மார்லிஸ் பூதக்கண்ணாடியைத் துடைத்தாள்.

அடுத்த இரண்டு நாளும் ஆர்டெல் முட்டைகூட எண்ணவில்லை.

சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் கூட்டம். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நாற்காலி போட்டிருந்தார்கள். காப்பியும், தட்டுத் தட்டாகச் சாக்லேட் வில்லைகளும் இருந்தன. மேயர் தன் தலையெழுத்தைப் படிக்கப்போகும் முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரு ஆர்டெல்! கிழிச்சு எடு!" என்று லோவெல் முதுகில் தட்டினார்.

ஆர்டெல் எழுந்தார். "கடன் குடுத்தவனைக் கண்டுபிடிச்சுட்டேன்," என்றார். "அவன் நியூயார்க்ல இல்ல. மேயருக்கு மச்சானும் இல்ல. ஒரு ஃபண்டுதான் குடுத்திருக்கு, என் பணம் அதுல இருக்கு. நான்தான்."

சாக்லேட் தட்டுக்கு நீண்ட கைகள் திரும்பிப் போயின.

"இரு, இரு," என்றார் லோவெல். "அப்ப நாங்க கட்டற பதினெட்டு டாலரு உன் பைக்கா வருது?"

"அதுல கொஞ்சூண்டு."

"அதுக்கு வரியாவது கட்டறியா?"

"இல்ல. அதுக்காகத்தான் வாங்கினேன்."

"அடப்பாவி! என் பென்ஷனுக்கு நான் வரி கட்டறேன். இவரு எங்கிட்டயே வட்டியும் வாங்கி, அதுக்கு வரியும் கட்டாம, எங்கிட்டயே கட்டாதேன்னு கையெழுத்தும் வாங்குவாராம்!"

"மீனு வேற பிடிச்சாரு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அது ஊர் மீனு!"

கூட்டம் சந்தேகத்தில் கொதித்தது. யாரிடம் அந்த ஃபண்டு இருக்கிறது, யாரிடம் இல்லை என்று பக்கத்து நாற்காலியை ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஜோலீன் மேசையைத் தட்டினாள்.

"லோவெல், நீங்கதானே சர்ச் கல்லறைத் தோட்டத்துக்குப் பொருளாளர்? புல்லு வெட்ட வெச்சிருக்கற பணம் எதுல போட்டிருக்கு?"

லோவெல் தொப்பியைக் கழற்றினார். "கர்ட்டிஸுக்குக் கமிஷன் குடுக்க வேணாம்னு, அவர் இல்லாத நாள் பாத்து நேரா தபால்ல வாங்கினேன். ஏதோ தாரகைன்னு..."

"வடதாரகையா?"

"அதான்."

"சர்ச்சுக்கு எதுலயுமே வரி கிடையாதே! எதுக்கு வரியில்லா ஃபண்டு? வரி மிச்சமாகுதுன்னு சொல்லித்தான் அதுல வட்டி கம்மியா குடுக்கறாங்க. மத்ததுல போட்டிருந்தா முழு வட்டியும் வந்திருக்குமே!"

லோவெல் தொப்பியைத் திரும்பவும் போட்டுக்கொண்டார். "வரி இல்லன்னு எழுதியிருந்துச்சு," என்றார் மெதுவாக. "கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அப்ப செத்தவங்களும் நம்மகிட்ட டேங்க் கட்டணம் வாங்கறாங்க!" என்றது பின்குரல். அதற்கு யாரும் சிரிக்கவில்லை. பலருக்கு அப்பா அம்மா அங்கேதான் இருந்தார்கள்.

ஆர்டெல் மனுவைக் கையில் எடுத்தார். இருநூற்று நாற்பத்தொரு கையெழுத்து. இரண்டாகக் கிழித்தார். துண்டுகளை எண்ணவில்லை.

"நான் ஊர்ல எல்லாரையும் சந்தேகப்பட்டேன்," என்றார். "மேயரை, தபால்காரனை, வெப்பமானியை. என் கையெழுத்தை மட்டும் சந்தேகப்படல. வரி இல்லன்னா போதும், நம்ம மூளை படுத்துக்குது. வரி இல்லன்னா நஷ்டமும் இல்லன்னு அர்த்தமில்ல. அந்த வட்டி வானத்துல இருந்து விழல. பக்கத்து வீட்டுக்காரன் தண்ணிக்குக் கட்டற காசுல இருந்து வருது. ஊருக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாதேன்னு சொல்றவன், அதே ஊர் தர்ற வட்டிக்குக் கையை நீட்டக் கூடாது. பணத்தைப் போடறதுக்கு முன்னாடி அது எங்க போகுது, யாரு பையில இருந்து திரும்பி வருதுன்னு படிச்சுப் பாருங்க. கேள்வி கேளுங்க, கணக்கைக் காட்டச் சொல்லுங்க. காட்டினப்புறம் கட்டுங்க."

மேயர் முதன்முறையாக ஒரு சாக்லேட் வில்லையை எடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊர்க்காரர் மூவர் டேங்க் கணக்கைப் பார்ப்பது என்று முடிவானது, கட்டணம் அப்படியே தொடர்ந்தது. லோவெல் கல்லறைப் பணத்தை மாற்ற ஒத்துக்கொண்டார். ஆர்டெல் தன் ஃபண்டை விற்கவில்லை. அன்று பிற்பகலே பதினோரு ஊர்களுக்கும் மறுகடிதம் எழுத உட்கார்ந்தார். மார்லிஸ் பூதக்கண்ணாடியோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்த பிறகே உறையில் போட விட்டாள். ஸ்டெல்லாபரிக்கு இரண்டு.

ஹால்டனில் தண்ணீர் டேங்க் கிடையாது. இன்றுவரை அங்கே எல்லா வீட்டிலும் கிணறுதான். என் தூண்டிலை இந்தக் குளிர்காலம் இன்னும் ஒரு மீனும் மோந்து பார்க்கவில்லை.