தேயிலைக்குள்ள போனா அவுட்டு

விண்ணப்பப் படிவத்தில் 'விளையாட்டு' என்ற கட்டத்தைக் காலியாக விட எனக்கு மனம் வரவில்லை. 'சொப்ட்போல்' என்று எழுதினேன்; மட்டையால் அடித்துவிட்டு நான்கு தளங்களைச் சுற்றி ஓடும் ஆட்டம். பொய்யில்லை. கண்டியில் படித்தபோது பாடசாலை அணியில் இருந்தேன். ஆடியது ஒரே ஒரு போட்டி. அதிலும் பந்து என் பக்கம் வரவேயில்லை.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலைக்கு விஞ்ஞான ஆசிரியையாகப் போன முதல் நாளே, அதிபர் கஜேந்திரன் அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார்.

"சுகிர்தா டீச்சர், நம்ம பொம்பளப் புள்ளைங்க டீமுக்கு இனிமே நீங்கதான் கோச். ரெண்டு வருஷமா வலயப் போட்டிக்குப் போறோம், ஒரு ஓட்டம்கூட எடுக்கல. இந்தத் தடவ ஒரே ஒரு ஓட்டம் எடுத்துக் காட்டுங்க. இல்லாட்டி டீமக் கலைச்சிட்டு, அந்த நேரத்துல கணக்கு வகுப்பு வைக்கப்போறேன்."

ஒரு ஓட்டம்தானே, இதென்ன பெரிய விஷயம் என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்கொழுப்பு எனக்கு எப்போதும் உண்டு. அன்றைக்கு மனசுக்குள்ளும் இருந்தது.

மொத்தம் பதினொரு பிள்ளைகள். நன்றாக ஓடினார்கள். எந்தப் பந்தையும் பயமில்லாமல் பிடித்தார்கள். அவர்கள் எறிந்தால் பிடிக்கிற என் கை எரிந்தது. ஆனால் மட்டையைக் கொடுத்தால் போதும், தூங்கும் பிள்ளையைப் பாயில் கிடத்துவது போலப் பந்தை மெல்லக் காலடியில் இறக்கி வைத்தார்கள்.

"ஓங்கி அடி!" என்று இரண்டு வாரம் கத்தினேன். தொண்டை கட்டிப்போனதுதான் மிச்சம். அணித்தலைவி நிலூஷா பத்தாம் ஆண்டு. ஒவ்வொரு முறையும் "சரிங்க டீச்சர்" என்பாள். அடுத்த பந்தையும் அப்படியே இறக்கி வைப்பாள். பலமில்லையா என்றால், இரண்டு கேன் தண்ணீரை மூச்சு வாங்காமல் மேட்டுக்குத் தூக்கி வருகிறவள் அவள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட, ஏன் என்று தெரிந்துகொள்ளும் ஆசை பெரிதாக வந்தது. ஒருத்தி செய்தால் அது தவறு. பதினொரு பேரும் ஒரே மாதிரிச் செய்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

"நீங்கள்லாம் வீட்டுப் பக்கம் எங்க வெளையாடுவீங்க?" என்று நிலூஷாவிடம் கேட்டேன்.

"பிரட்டுக்களத்துல டீச்சர்."

"சனிக்கிழம நான் வந்து பாக்கவா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "வாங்க டீச்சர். பழைய செருப்பு போட்டுட்டு வாங்க" என்றாள் நிலூஷா.

சனிக்கிழமை, என் வீடு இருந்த குண்டசாலையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனேன். காலையில் பெயர் கொடுத்து வேலை பிரிக்கும் அந்தக் களம், இரண்டு லொறி நிறுத்தினால் நிறைந்துவிடும். ஒரு பக்கம் தோட்டத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயம். மற்ற மூன்று பக்கமும் சரிவு. சரிவு முழுக்கத் தேயிலை. பலகையில் செதுக்கிய மட்டையை என் கையில் கொடுத்தார்கள்.

கோச் என்றால் யாரென்று காட்டிவிட வேண்டாமா? முதல் பந்தையே ஓங்கி அடித்தேன். அது அழகாக எழும்பி, லயத்துக் கூரைக்கு மேலே உயர்ந்து, தூரத்தில் தேயிலைக்குள் விழுந்தது. இரண்டு கையையும் தூக்கினேன்.

"அவுட்டு!" என்று களமே கத்தியது.

"என்னது, அவுட்டா?"

"தேயிலைக்குள்ள போனா அவுட்டு டீச்சர்" என்றாள் நிலூஷா பணிவாக. "அடிச்சவங்கதான் போய் எடுத்துட்டு வரணும்."

யாராவது எனக்காக இறங்குவார்களா என்று சுற்றிப் பார்த்தேன். ஒருத்தியும் அசையவில்லை. அரை மணி நேரம் அந்த ஈரத்துக்குள் குனிந்து தேடி, பந்தோடும் காலைக் கடித்துத் தொங்கிய ஐந்து அட்டைகளோடும் மேலே வந்தேன். நிலூஷா சவர்க்காரத் துண்டோடு தயாராக நின்றாள்.

"நாங்களும் ஒரு தடவதான் டீச்சர் அப்புடி அடிப்போம்" என்றாள்.

படியில் உட்கார்ந்து காலில் சவர்க்காரம் தேய்த்தபடி அவர்கள் ஆடுவதைப் பார்த்தேன். "கல்லுக்கிட்ட" என்று சொல்லிவிட்டு நிலூஷா பந்தைத் தட்டினாள். கல்லுக்கிட்டப் போய் நின்றது. "பீலிக்கிட்ட" என்றாள். தண்ணீர்ப் பீலியின் காலடியில் போய் நின்றது. இந்தப் பிள்ளைகளைப் பார்த்தா இரண்டு வாரம் கத்தினேன் என்று வெட்கமாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில்தான் சொப்ட்போல் விதிகளை முதன்முதலாக முழுதாகப் படித்தேன். மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெல்லக் கீழே விழவைப்பதற்குப் பன்ட் என்று பெயராம். அதை மாதக்கணக்கில் பழகுவார்களாம். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டார்.

வலயப் போட்டி கண்டியில் நடந்தது. பெரிய, மட்டமான மைதானம். எங்கள் பிள்ளைகள் வாயிலில் நின்று பார்த்தார்கள். சரிவு இல்லை, தேயிலை இல்லை, அட்டை இல்லை. பிறந்ததிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அன்றைக்கு அவிழ்த்துவிட்டார்கள். பதினொரு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி வீசினார்கள். மட்டை காற்றைத்தான் அடித்தது. கடைசி இனிங்ஸ் வந்தபோது எதிரணி பதினொன்று, நாங்கள் பூச்சியம். அதிபர் மர நிழலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கணக்கு வகுப்பு அவர் முகத்திலேயே தெரிந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிள்ளைகளைக் கூப்பிட்டு, பந்து எறிபவளின் கால்பக்கத்தைக் காட்டினேன்.

"அதுக்கு அங்கிட்டு எல்லாம் தேயில. நல்லா மழ பெஞ்ச தேயில. அடிச்சவங்கதான் எடுத்துட்டு வரணும்."

ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தார்கள். பிறகு நிலூஷா சிரித்தாள்.

முதலில் மட்டை பிடித்த நிஷாந்தி தட்டிவிட்டு ஓடி முதல் தளத்தைப் பிடித்தாள். அடுத்தவள் தட்டினாள், பதறிப்போய் எடுத்த எதிரணிப் பிள்ளை பந்தைத் தாறுமாறாக எறிய, நிஷாந்தி மூன்றாம் தளத்துக்கே போய்விட்டாள். இப்போது நிலூஷாவின் முறை. எதிரணி விழித்துக்கொண்டு நெருங்கி வந்தது. நிலூஷாவின் உதடு அசைந்தது. கேட்கவில்லை, ஆனால் 'கல்லுக்கிட்ட' என்றுதான் சொல்லியிருப்பாள். இரண்டு பேருக்கு நடுவே, இரண்டு பேருக்கும் எட்டாத இடத்தில் பந்து போய் நின்றது. நிலூஷா முதல் தளத்தில் ஆட்டமிழந்தாள். அதை யார் பார்த்தார்கள்? நிஷாந்தி ஓடி வந்து, நான்காவதான வீட்டுத் தளத்தை மிதித்திருந்தாள். ஒரு ஓட்டம்!

பதினொன்றுக்கு ஒன்று என்று தோற்றோம். பஸ்ஸில் ஹேவாஹெட்ட வரைக்கும் பாட்டு.

திங்கட்கிழமை அதிபர் பயிற்சி பார்க்க வந்தார். "இருவது அடிகூடப் போகாத பந்துல எப்புடி டீச்சர் ஓட்டம் வருது? இங்க குடுங்க பாப்போம்" என்று மட்டையை வாங்கினார். பள்ளியில் கிரிக்கெட் ஆடியவர். கை சும்மா இருக்குமா? பந்து மைதானத்தைத் தாண்டி, கீழே தேயிலைச் சரிவுக்குள் போய் விழுந்தது.

"அவுட்டு!"

அதிபர் என்னைப் பார்த்தார். நான் சவர்க்காரத் துண்டை நீட்டினேன். நிலூஷா பணிவாக விதியைச் சொன்னாள். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். பிறகு தேயிலைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"டீச்சர், கணக்கு வகுப்ப காலையில வச்சிக்கிறேன். பந்து எங்க விழுந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க!"