நீலத் தலைக் குண்டூசி

ஆலயத்துக்குப் பின்னால் இருந்த கூடத்தை ஒரு பச்சைத் திரை இரண்டாகப் பிரித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் திரைக்கு இந்தப் பக்கம் பெரிய பிள்ளைகளுக்கு வகுப்பு, அந்தப் பக்கம் பொடிசுகளுக்கு. இந்தப் பக்கம் பாடம் நடத்துகிறவள் பெரிய டீச்சர், அந்தப் பக்கம் சின்ன டீச்சர். அண்ணன் தம்பியைக் கட்டிய ஓரகத்திகள். ஒரே தெருவில் எதிரெதிர் வீடு. ஆனால் போன மழைக்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

"தந்தி, சின்ன டீச்சர்கிட்ட கத்திரிக்கோலைக் கேட்டு வாங்கிட்டு வா" என்றாள் பெரிய டீச்சர்.

எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாத பையன் என்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் தந்தி. அவன் திரைக்கு அடியில் தலையை மட்டும் நுழைத்தான். உடம்பு இந்தப் பக்கமே இருந்தது.

"சின்ன டீச்சர், பெரிய டீச்சர் கத்திரிக்கோல் கேக்கறாங்க."

"அது அவங்க பக்கம்தான் இருக்குன்னு சொல்லு."

தலை திரும்பி வந்தது. "டீச்சர், அது உங்க பக்கம்தான்..."

"கேட்டுச்சு, உக்காரு."

நடுவில் இருந்தது வெறும் துணி. அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் ஒரு பிள்ளை மூக்கைத் துடைத்துக்கொள்ளும். இருந்தாலும் டீச்சர்கள் இருவருக்கும் இடையே ஆள்தான் போய்வர வேண்டும்.

பெரிய டீச்சர் வாரநாளில் தையற்கடை வைத்திருந்தாள். அன்றைக்குக் கடையிலிருந்து ஊசி குத்தி வைக்கும் மெத்தையைக் கொண்டுவந்திருந்தாள். உள்ளங்கை அளவில், இதய வடிவில், சிவப்புத் துணியில் தைத்தது. கல்யாணமாகி வந்த புதிதில் சின்னவள் தைத்துக் கொடுத்தது. ஊசியில் நூல் கோக்கவே தடுமாறுகிறவள் தைத்ததால் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சூம்பிக் கிடந்தது. பேச்சு நின்ற பிறகும் பெரியவள் அதை மாற்றவில்லை. ஏன் மாற்றவில்லை என்று அவளை யாரும் கேட்டதும் இல்லை.

"நெஞ்சு எங்க இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?"

"இடது பக்கம் டீச்சர்!"

"எங்கப்பாவுக்கு அது கிடையவே கிடையாதுன்னு எங்கம்மா சொல்வாங்க" என்றான் தந்தி.

கூடம் சிரித்தது. திரைக்கு அந்தப் பக்கத்திலும் ஒரு சிரிப்பு எழுந்து, சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டது. பெரிய டீச்சர் கேளாதவள் போல மெத்தையைத் தூக்கிப் பிடித்தாள்.

"இதான் நெஞ்சுன்னு வச்சுக்குங்க."

"கோணலா இருக்கு டீச்சர்."

"யாரோட நெஞ்சு நேரா இருக்கு? ஆண்டவர் நம்மகிட்ட கேக்கறது ஒண்ணே ஒண்ணு. நான் உங்களை நேசிக்கிற மாதிரி நீங்களும் ஒருத்தரை ஒருத்தர் நேசிங்க. கேக்க சுலபமா இருக்கு இல்ல? ஆனா எங்க சிக்கிக்குது தெரியுமா?" நாக்கைத் தொட்டுக் காட்டினாள். "இந்த வாரம் யாரையாவது வலிக்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அதைச் சொல்லிட்டு ஒரு குண்டூசி குத்துங்க. குத்தின ஊசியை அடுத்த வாரம் நீங்களேதான் பிடுங்கணும். அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட நேர்ல போய், வாயால மன்னிப்புக் கேட்டிருக்கணும். ஆள் அனுப்பக் கூடாது. மிட்டாய் குடுத்துச் சமாளிக்கக் கூடாது."

ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான். "எங்க அக்காவைப் பூசணிக்காய்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அழுகின பூசணிக்காய்."

சிவப்புத் தலை ஊசி ஒன்று இறங்கியது. தோழியோடு டூ விட்டவள் மஞ்சள் குத்தினாள். வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்ததற்குத் தந்தி பச்சையை எடுத்தான். கடைசியாகப் போனது டீச்சரின் சொந்த மகள் கடுகு. ஆள் வகுப்பிலேயே சிறிசு, வாயில் காரம். அதனால்தான் அந்தப் பெயர். அப்பாவை எதிர்த்துப் பேசியதாகச் சொல்லி வெள்ளைத் தலை ஊசியைக் குத்தினாள். பிறகும் மெத்தையைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் முதுகைக் காட்டி நின்றாள்.

"என்ன கடுகு, மாவு பிசையறியா? கொண்டா இங்க" என்று வாங்கிப் பெட்டியில் போட்டாள் பெரிய டீச்சர்.

புதன்கிழமை சாயங்காலம் பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு வந்த கணவர், கடை வாசலில் நின்றபடியே சொன்னார்.

"தம்பிக்கு மாற்றல் வந்துடுச்சு. திங்கட்கிழமை கிளம்பறாங்க. இங்கிருந்து ஒரு நாள் பயணம்."

தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "போகட்டும்."

"நீ ஒரு வார்த்தை..."

"அவளுக்கு வாய் இல்லையா?"

"நல்லா இருக்கு. நீங்க ரெண்டு பேரும் மகாராணிங்க, நானும் அவனும் தபால்காரங்க" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

அவள் தைத்து முடித்த சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்திருந்தாள். இத்தனை வருடத் தொழிலில் அப்படி ஒரு தப்பு நடந்ததில்லை. பிரிக்க உட்கார்ந்தாள்.

பேச்சு நின்றதும் இதே கடையில்தான். அன்றைக்குச் சின்னவளிடம் மகளை விட்டுவிட்டு, தைத்த துணியைக் கொடுக்க அவசரமாகப் போயிருந்தாள். சின்னவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள். லீவு நாள் என்றால் கடுகு சித்தியை விட்டு நகராது. யாரோ வாடிக்கையாளர் கூப்பிட, சின்னவள் வாசல் வரை போன நேரம் பிள்ளை இஸ்திரிப்பெட்டியைத் தொட்டுவிட்டது. பெரியவள் திரும்பி வந்தபோது மணிக்கட்டில் சிவந்த கோடு. தெருவே கேட்க அவள் கத்தினாள்: "பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்!"

வருடக்கணக்காக ஒரு பிள்ளைக்கு ஏங்கிக்கொண்டிருந்தவளிடம் அதைச் சொன்னாள். சின்னவள் செருப்பைக்கூட மாட்டாமல் எதிர்வீட்டுக்கு நடந்துபோனாள்.

கோடு ஆறி, இப்போது வெளுத்துப் போயிருந்தது. வார்த்தை அப்படியே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வெற்றி வீரர்களைப் போல வந்தார்கள்.

"டீச்சர், அக்கா முதல்ல நம்பல. பணம் கேக்கத்தான் வர்றேன்னு நினைச்சா. அப்புறம் அவளே என்னைக் கட்டிப்பிடிச்சு நசுக்கிட்டா!" என்று பூசணிக்காய்க்காரன் சிவப்பைப் பிடுங்கினான். மஞ்சள் வந்தது. பச்சையைப் பிடுங்கிய தந்தி, "வாத்தியார், 'அந்தப் பேரு எனக்கு ஏற்கெனவே தெரியும்டா'ன்னுட்டார்" என்றான். வெள்ளையும் வந்தது.

மெத்தையைப் பெட்டிக்குள் வைக்கப் போனவளின் கட்டைவிரலில் ஏதோ நெருடியது. ஒரு நீலத் தலை. தலைவரை அழுந்திப் புதைந்திருந்தது.

"இது யாரோடது?"

பிள்ளைகள் தங்கள் கையிலிருந்த ஊசிகளை உயர்த்திக் காட்டினார்கள்.

"யாரோ இன்னும் மன்னிப்புக் கேக்கல. திட்ட மாட்டேன், சொல்லுங்க."

"டீச்சர், போன வாரம் கடுகு ரொம்ப நேரம் வச்சிருந்தா" என்றான் தந்தி.

கடுகு எழுந்து நின்றாள். வகுப்பில் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அவள் டீச்சர் என்று கூப்பிடவில்லை.

"அது உன்னோடதும்மா."

"என்னது?"

"சித்தியைச் சொன்னியே, அது. நீ குத்துவேன்னு பார்த்தேன். நீ எங்களை மட்டும் குத்தச் சொன்னே. அதான் நான் குத்தினேன்." உதடு கோணியது. "நாளைக்குச் சித்தி போயிடுவாங்க. அப்புறம் அந்த ஊசியை எடுக்கவே முடியாதும்மா."

அந்தப் பக்கம் பொடிசுகள் பாடிக்கொண்டிருந்த பாட்டு நடுவிலேயே நின்றது.

பெரிய டீச்சர் இதைப் பிறகு வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அத்தனை கண்களும் அவள் கையிலிருந்த கோணல் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தன. ஏதாவது சொல்லியாக வேண்டும். பழக்க தோஷத்தில் நாக்கு முந்திக்கொண்டது.

"தந்தி, நீ போய்ச் சின்ன டீச்சர்கிட்ட..."

தந்தி அசையவே இல்லை. "ஆள் அனுப்பக் கூடாதுன்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க?"

அவள் திரையைப் பார்த்தாள். அவளே அளந்து, அவளே மடித்துத் தைத்த திரை. அதன் இந்தப் பக்கத் தையல் அவளுக்கு அத்துப்படி. அந்தப் பக்கம் எப்படி இருக்கும் என்று பார்த்தே ரொம்ப நாளாகிவிட்டது. போய்த் திரையை விலக்கினாள்.

சின்னவள் பொடிசுகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்று, முதுகில் ஒன்று தொங்கியது. நிமிர்ந்து பார்த்தாள், எழுந்திருக்கவில்லை.

பெரியவள் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"இஸ்திரிப்பெட்டியை அணைக்காமப் போனது நான்தான்" என்றாள். குரல் அவளுக்கே பழக்கமில்லாததாக இருந்தது. "உள்ள வந்து பிளக்கைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. என் தப்பு என் மேல விழறதுக்குள்ள உன் மேல தள்ளிவிட்டேன். பெத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னு சொன்னேன். பெத்த நான் பெட்டியை அணைக்கல. நீ அவ கையைத் தண்ணியில பிடிச்சுக்கிட்டு, அவளோட சேர்ந்து அழுதுக்கிட்டு நின்னே. அதை நான் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் சொன்னேன். என்னை மன்னிச்சுடு."

சின்னவள் மடியிலிருந்த பிள்ளையை மெதுவாக இறக்கிவிட்டாள்.

"மருந்துக்கடையில எல்லா வலிக்கும் ஒண்ணு இருக்குக்கா" என்றாள். "நானும் தேடிப் பார்த்தேன். இதுக்குப் போட்டுக்க எதுவும் இல்ல. இப்பவும் வலிக்குது. மன்னிச்சுட்டேன்னு டக்குனு சொன்னா அது பொய்யாயிடும்."

"சொல்ல வேண்டாம்."

"ஆனா நீங்க வரமாட்டீங்களான்னு தினமும் ஜன்னல் வழியாப் பார்த்தேன். அதைச் சொல்லணும்."

பெரியவள் ஊசியைப் பிடுங்கப் பார்த்தாள். நகத்துக்குச் சிக்கவில்லை. ஊசியோடு பிறந்தவள் என்று தெருவில் பெயரெடுத்தவளின் விரல்களுக்கு அது வழுக்கிக்கொண்டே போனது.

"ரொம்ப அழுத்திட்டேன்" என்று பின்னாலிருந்து கடுகு முனகினாள். "பெரிய வார்த்தையாச்சேன்னு..."

"இப்படிக் கொடுங்க" என்று சின்னவள் மெத்தையைப் பின்பக்கமாக இரண்டு கட்டைவிரலாலும் அமுக்கினாள். பஞ்சு பிதுங்கி, நீலத் தலை கொஞ்சமாக மேலே எழுந்தது. "ம், இப்ப இழுங்க."

வந்துவிட்டது. பெரியவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். சின்னவளின் கட்டைவிரல் மெத்தையைத் தடவியது.

"என்ன கேவலமாத் தச்சிருக்கேன்! இதையா இன்னும் வச்சிருக்கீங்க?"

"வேற எதுல குத்தினாலும் எனக்கு ஊசி தொலைஞ்சுபோகுது."

சின்னவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே உடைந்து அழுகையாயிற்று. கடுகு ஓடிவந்து அவள் மடியில் விழுந்தாள். அதைப் பார்த்த பொடிசுகளும் காரணமே தெரியாமல் ஒரு பாட்டம் அழுதன. "யாரும் அழாதீங்க, எல்லாம் சரியாயிடுச்சு!" என்று தந்தி திரையைப் பிடித்துக்கொண்டு உரக்க அறிவித்தான். அவன் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது.

"நாளைக்குச் சாமான் கட்ட நான் வரட்டுமா?" என்று கேட்டாள் பெரியவள்.

"பாத்திரத்துக்கெல்லாம் பழைய துணி வேணும். கொண்டுவாங்க." சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்து, வண்ணத்தாள்களுக்கு அடியில் துழாவினாள்.

"அக்கா, கத்திரிக்கோல் என் பக்கம்தான் இருந்தது. வேணும்னேதான் தரல."

கடுகு நிமிர்ந்தாள். "அப்ப சித்தி, நீங்க ஒரு ஊசி குத்தணும்."