இலை போடும் சபை

எங்கள் திருச்சபை ஐக்கியத்துக்கு ஓர் அடையாளம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்கச் சென்னையிலிருந்து ஓர் ஆள் வரவேண்டியிருந்தது. 2010 ஜனவரியில், கடலூர் நகரச் சபையின் மண்டபத்தில் திரையைத் தொங்கவிட்டு, லேப்டாப்பைத் தட்டித் தட்டி, "நீங்கள் ஒன்பது சபைகள். சரி. ஆனால் நீங்கள் யார்?" என்று கேட்டார். ஒன்பது சபைகளின் பிரதிநிதிகளும் திருதிருவென்று விழித்தார்கள். எனக்குப் பதில் தெரியும். அந்த மண்டபத்தில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே போதும். முன்வரிசை முழுக்கக் கடலூர் நகரச் சபை. கடைசி வரிசையில், மின்விசிறிக் காற்று எட்டாத இடத்தில், கிள்ளை சபையின் பிரதிநிதியாக நான். பெயர் ஜெயராணி, சிதம்பரத்தில் பள்ளிக்கூட டீச்சர்.

கிள்ளை சபை என்றால் காலனி சபை. ஐக்கியத்தில் யாரும் அந்த வார்த்தையை வாயால் சொல்லமாட்டார்கள். "அந்த சைடு சபை" என்பார்கள். சொல்லும்போது குரலில் அன்பு சொட்டும். அந்த அன்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்றைக்கே அடையாளக் குழு என்று ஒன்று போட்டார்கள். தலைவர் கடலூர் நகரச் சபையின் ஞானசேகரன், ஓய்வுபெற்ற தாசில்தார். மனு எழுதி வந்தவர்களை முப்பது வருடம் அலையவிட்ட பழக்கத்தில், கர்த்தரிடம்கூட "மேற்படி விஷயமாக" என்று தொடங்கி ஜெபம் செய்கிறவர். என்னையும் குழுவில் சேர்த்தார்கள். எல்லா சபையும் இருக்கிறது என்று போட்டோவில் தெரியவேண்டும் அல்லவா.

சின்னம் வரைய மூன்று மாதம் ஆனது. படகு வேண்டாம், அது மீனவர் சபை என்று ஆகிவிடும். நெற்கதிர் வேண்டாம், கட்சிக் கொடி மாதிரி இருக்கிறது. கடைசியில் இரண்டு கைகள் கோத்துக்கொண்டிருக்கும் படத்தில் சமாதானம் ஆனார்கள். அதிலும் ஒரு கை கொஞ்சம் கறுப்பாக இருக்கிறது என்று ஞானசேகரனின் மனைவி மலர்க்கொடி சொல்ல, இரண்டையும் ரோஸ் நிறமாக்கினார்கள். பிறகு எல்லாப் பெண்களுக்கும் வெளிர்நீலத்தில் ஒரே மாதிரி சேலை. பிறகு ஒரு கீதம். ஞானசேகரனே எழுதினார். அதில் "குடும்பம்" என்ற சொல் பதினோரு இடத்தில் வந்தது. ஏழாவது குடும்பத்துக்கு மேல் யாருக்கும் மூச்சு பிடிக்கவில்லை.

இந்தக் கூத்தையெல்லாம் நான் சகித்துக்கொண்டதற்கு ஒரே காரணம் அசனம். சபையார் எல்லோரும் கூடி ஆக்கி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. இதுவரை ஒன்பது சபையும் தனித்தனியாகத்தான் நடத்தின. இந்த முறை ஆகஸ்டில், கடலூரில், ஆயிரத்து இருநூறு பேருக்கும் ஒரே அசனம் என்று முடிவானது. அந்தச் செய்தியை என் அக்கா தைலம்மாளிடம் சொன்னபோது அவள் முகம் பூரித்தது.

அக்கா கிள்ளைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இவள் சமைத்தால் எங்கள் பிள்ளைகள் சாப்பிடாது என்று நான்கு வீட்டுக்காரர்கள் தட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அக்கா தன்பாட்டுக்குச் சமைத்தாள். ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளைகளே குழம்பு வாசனைக்கு வரிசையில் வந்து நின்றன. சுனாமி வந்த வாரம், கடலூர் சபை வளாகத்தில் தஞ்சம் புகுந்த அறுநூறு பேருக்கு எட்டு நாள் பொங்கிப் போட்டவளும் அவள்தான். தேவனாம்பட்டினத்து வீட்டை விட்டு லுங்கியோடு ஓடிவந்த ஞானசேகரன் அவள் எதிரே தட்டை நீட்டி, "இன்னும் ஒரு கரண்டி போடு தாயே" என்று கேட்டதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன்.

"அப்ப பசி. சாப்ட்டாங்க. இப்ப பசி இல்லாத நேரத்துல என் கையால சாப்புடணும் ஜெயா. அதான் எனக்கு வேணும்" என்றாள் அக்கா. நீளக் கரண்டியைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள்.

யார் எதைச் செய்வது என்று தீர்மானிக்க ஜூலையில் கூட்டம். எங்கள் ஐக்கியத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகராறு வரும் என்று தெரிந்தால் ஜெபம் பண்ணிச் சீட்டு எடுப்பார்கள். சீட்டில் விழுந்தால் ஆண்டவர் சித்தம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒரு கிண்ணத்தில் ஒன்பது சபைகளின் பெயர், இன்னொன்றில் ஒன்பது வேலைகள். போதகர் சார்லஸ் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். முதல் சீட்டு: கிள்ளை சபை. அதற்கு ஜோடி: சோறும் கறிக்குழம்பும்.

எனக்கு எழுந்து நின்று கை தட்டவேண்டும் போலிருந்தது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள்.

"ஐயா, ஆமென் சொல்றதுக்கு முன்னாடியே கைய வுட்டுட்டீங்களே" என்றார் மலர்க்கொடி.

"அப்படியா?" என்றார் சார்லஸ். பாவம், நல்ல மனிதர். முதுகெலும்பு மட்டும் இல்லை.

"ஆமாங்கய்யா, நானும் கவனிச்சேன்" என்று ஞானசேகரன் எழுந்து, இரண்டு கிண்ணங்களையும் பக்கத்து அறைக்கு எடுத்துக்கொண்டு போனார். நன்றாகக் குலுக்கிக்கொண்டு வருகிறாராம். குலுக்குவதற்கு எதற்குத் தனி அறை என்று நான் கேட்டேன். யாருக்கும் காது கேட்கவில்லை. மறுபடி ஜெபம், மறுபடி சீட்டு. சோறும் குழம்பும் கடலூர் நகரச் சபைக்கு. கிள்ளை சபைக்கு வாழையிலையும் தண்ணீர் பாக்கெட்டும். இலையைக் கழுவிக்கொள்ளலாம், பாக்கெட்டுக்கு சீல் இருக்கிறது. ஆண்டவருக்கு எவ்வளவு நுணுக்கமான சித்தம்!

அக்காவிடம் சொல்லப் போனேன். ராஜினாமா எழுதித் தருகிறேன், நாம் யாரும் போகவேண்டாம் என்று குதித்தேன். அவள் கரண்டியை எடுத்து முந்தானையால் துடைத்தாள். கண் கலங்கியிருந்தது.

"போவோம். எல போடறதுன்னா எல போடுவோம். நம்ம வேலயில ஒரு கொற இருக்கக் கூடாது" என்றாள்.

அசனத்தன்று காலை ஒன்பது மணிக்கே எங்கள் வேன், இலைக்கட்டுகளும் அக்கா விடாமல் எடுத்துவந்த கரண்டியுமாக, கடலூர் போய்ச் சேர்ந்தது. காட்டுமன்னார்கோயில் பக்கமிருந்து வரவழைத்த இலை, ஒன்றில்கூடக் கிழிசல் இல்லை. பந்தலுக்குப் பின்னால் சமையல். மலர்க்கொடியும் அவர் கூட்டாளிகளும் வெளிர்நீலச் சேலையில், கொண்டை கலையாமல் நின்றுகொண்டிருந்தார்கள். வீட்டில் நாற்பது பேருக்கு மேல் ஆக்கி அறியாதவர்கள். தைரியம் மட்டும் ஆயிரம் பேருக்கு இருந்தது.

நான் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டேன். ஆறு அண்டாவிலும் அரிசியையும் தண்ணீரையும் ஒன்றாகக் கொட்டி, ஒன்றுக்கு இரண்டு என்று குக்கர் கணக்கில் அளந்து, மூடி போட்டுக் கீழே விறகைத் திணித்திருந்தார்கள். விசிலுக்குக் காத்திருந்தார்களோ என்னவோ. உலை கொதித்தபின் அரிசி போட்டு, வெந்ததும் வடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொடுக்க அங்கே ஆள் இல்லை. ஆள் இருந்தாள். பந்தலில் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு மணிக்கு ஆராதனை முடிந்து ஆயிரத்து இருநூறு பேரும் பந்தியில் உட்கார்ந்தார்கள். அக்காவும் எங்கள் சபைப் பெண்களும் நூல் பிடித்தாற்போல் இலை போட்டார்கள். ஒவ்வோர் இலைக்கும் வலப்பக்கம் ஒரு தண்ணீர் பாக்கெட். பின்னால் மூடியைத் திறந்தார்கள். அடி கரி, நடு களி, மேலே பச்சை அரிசி. ஆறு அண்டாவும் அப்படியே. தீய்ந்த நாற்றம் பந்தல் வரை வந்தது.

ஒன்றரை ஆனது. குழந்தைகள் அழத் தொடங்கின. ஞாயிறு பள்ளி அலமாரியிலிருந்த பிஸ்கட் பாக்கெட்டுகளைக் கொடுத்து அவர்களை அடக்கினோம். மீதி அரிசி இரண்டு மூட்டை இருந்தது. உப்பு கூடிப்போயிருந்த குழம்பை நேராக்கவும் வழி இருந்தது. ஞானசேகரன் வியர்க்க விறுவிறுக்க அக்காவிடம் வந்தார்.

"தைலம்மா, உனக்குத்தான் பெரிய அண்டா பழக்கம். பின்பக்கமா வந்து கொஞ்சம் கை குடும்மா. வெளிய யாருக்கும் தெரிய வேணாம்."

அக்கா ஓர் இலையின் நுனியைச் சரிசெய்தாள்.

"ஆக்கறேங்கய்யா. முக்கா மணி நேரத்துல சோறு வடிச்சித் தந்துடுவேன். ஆனா பின்பக்கமா வர மாட்டேன். மொதல்ல வுழுந்த சீட்டுதான் செல்லும், கிள்ளை சபைதான் ஆக்குதுன்னு மைக்ல சொல்லுங்க. சொல்லிட்டு நீங்களும் இதே பந்தியில உக்காருங்க."

"இப்ப போயி அதப் பேசற நேரமா?"

"அப்ப எனக்கு வுழுந்தது எலதாங்கய்யா. ஆண்டவர் சித்தத்த நான் எப்புடி மாத்தறது?"

ஞானசேகரன் அவளைப் பார்த்தார், காலி இலைகளைப் பார்த்தார், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் உறவுக்காரர்களைப் பார்த்தார். பிறகு மைக்கை நோக்கி நடந்தார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அக்காவும் நினைத்திருக்கவேண்டும். சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வேனிலிருந்து கரண்டியை எடுத்துவரச் சொல்லி எனக்குச் சாடை காட்டினாள்.

"கர்த்தருக்குள் பிரியமான குடும்பத்தாரே, ஆவியானவர் இந்த நேரத்தில் நம்மை ஒரு விசேஷமான காரியத்துக்கு அழைக்கிறார். மேற்படி அசனத்தை நாம் உபவாச ஜெபமாக மாற்றுகிறோம். ஒரே குடும்பமாக நாம் செய்யும் முதல் தியாகம் இது. எல்லோரும் எழுந்து நின்று கீதம் பாடுவோம்."

ஆயிரத்து இருநூறு பேர், காலி இலைக்கு முன்னால் எழுந்து நின்று, பதினோரு குடும்பத்தையும் பாடினார்கள். பட்டினி கிடந்தாலும் கிடப்பார்கள், அவள் கையால் சாப்பிட்டோம் என்று மைக்கில் சொல்லமாட்டார்கள். சென்னைக்காரர் கேட்ட கேள்விக்கு அன்றைக்குத்தான் முழுப் பதில் கிடைத்தது. பாட்டு முடிந்ததும் முன்வரிசைக்காரர்கள் பின்கேட் வழியாக பிரியாணிக் கடைக்குப் போனதையும் பார்த்தேன்.

நான் கரண்டியைக் கையில் பிடித்தபடி நின்றேன். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன், சபை வளாகம் என்றுகூடப் பார்க்கவில்லை. அக்கா முந்தானையை அவிழ்த்து முகத்தை ஒரு முறை துடைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து, போட்ட இலைகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

"என்னக்கா பண்ற?"

"ஒண்ணுலகூட ஒரு பருக்கை படல. நாளைக்கி திங்கக்கிழம. எங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்கு எல போட்டுச் சோறு போடறேன். நீயும் புடி, ஜெயா."