பழுப்பா, பச்சையா

ஜூனியாட்டா ஆற்றில் இறங்கி ஒரு மணி நேரமாகியும் கேலனின் தூண்டிலை ஒரு மீன்கூடத் தொடவில்லை. கயாக் என்ற ஒற்றை ஆள் படகில் கால் நீட்டி உட்கார்ந்து, மடியில் திறந்து கிடந்த இரைப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். நேற்று அவனுடைய நாற்பத்தெட்டாவது பிறந்தநாள். அவனைச் சந்தோஷப்படுத்த மனைவி ரோடா அரைநாள் உட்கார்ந்து, அவன் சேர்த்து வைத்திருந்த ரப்பர் இரைகளையெல்லாம் உறைகளிலிருந்து உருவி, வானவில் மாதிரி நிறவாரியாக அடுக்கிக் கொடுத்திருந்தாள். உறைகள் குப்பைக்குப் போய்விட்டன. அந்த உறைகளில் அச்சடித்திருந்த நிறப் பெயரைப் படித்துத்தான் அவன் இருபது வருஷமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தான். இப்போது மஞ்சளும் நீலமும் வெள்ளையும் தெரிந்தன. மற்றதெல்லாம் ஒரே சேற்று நிறம்.

தபால்காரனாவதற்கு முன், பதினெட்டு வயதில், ரயில்வே வேலைக்குப் போனவனை சிக்னல் விளக்கின் நிறம் தெரியவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அதைக்கூட மறந்துவிட்டான். முதல் மனைவி விருந்துக்கு விருந்து ஒரு காலுறையைத் தூக்கிக் காட்டி, இது என்ன நிறம் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டதைத்தான் மறக்க முடியவில்லை. மேசை முழுக்கச் சிரிக்கும். அவனும் சேர்ந்து சிரிப்பான். அதனால்தான் ரோடாவைக் கல்யாணம் செய்து எட்டு மாதமாகியும் அவளிடம் வாய் திறக்கவில்லை.

பக்கத்துக் கயாக்கிலிருந்து ரோடா என்ன நிற இரையைக் கட்டலாம் என்று கேட்டாள். இரண்டு நாள் மழையில் தண்ணீர் தேநீர் மாதிரி இருந்தது. நண்டு நிறம், பழுப்புதான் சரி என்று ஒன்றை எடுத்து நீட்டினான். அவள் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள்.

"இது பச்சை, கேலன்."

ஆமாம், பச்சையைத்தான் சொன்னேன் என்றான். அவள் கையை நீட்டி அவன் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் காட்டினாள். "அப்போ இது?"

அவன் துடுப்பைப் பார்த்தான். நீரோட்டம் இரண்டு கயாக்கையும் மெல்ல இழுத்துக்கொண்டு போனது.

"எனக்குத் தெரியலை, ரோடா. பழுப்பு, பச்சை, சிவப்பு எல்லாம் எனக்கு ஒண்ணுதான். மீனுக்குத் தெரியுற கலர்கூட எனக்குத் தெரியாது."

சிரிப்பு வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. ஐயோ, உறைகளையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டேனே என்றாள். பிறகு, கல்யாணத்தன்று அந்த உடையில் தன்னை அவ்வளவு புகழ்ந்தானே, நிறம் தெரியாமலா என்று கேட்டாள்.

"நீ நடந்து வந்தது அழகா இருந்துச்சுன்னு சொன்னேன். டிரஸ் கலரைப் பத்தி நான் பேசவே இல்லையே."

யோசித்துப் பார்த்தால் உண்மைதான். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அது வேறு சிரிப்பு. கயாக்கை ஒட்டிக் கொண்டுவந்து, ஒரு காலை அவன் கயாக்கின் மேல் போட்டுக்கொண்டு, பெட்டியைத் தன் மடிக்கு மாற்றினாள்.

"தண்ணியப் பத்தி நீ சொல்லு. கலரை நான் பாத்துக்கறேன்."

இந்த ஆற்று நண்டுக்குக் கொடுக்கின் நுனி மட்டும் ஆரஞ்சாக இருக்குமாம் என்று அவன் எங்கோ படித்ததைச் சொன்னான். அவள் துழாவி அப்படியே ஒன்றை எடுத்துக் கட்டினாள். பிறந்தநாள் உனக்குத்தானே, நீயே வீசு என்றாள். பாறைக்குப் பின்னால் வேகத் தண்ணீரும் நின்ற தண்ணீரும் உரசும் கோட்டில் அவன் வீசினான். மூன்றாம் வீச்சில் தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. மீன் இரண்டு முறை ஆகாயத்தில் துள்ளியது. கயாக்கையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. ரோடா அவன் கயாக்கின் வாலை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருபதரை அங்குல ஸ்மால்மவுத் பாஸ். அவன் வாழ்நாளில் பிடித்ததிலேயே பெரியது.

"இது என்ன கலரு?" யாரிடமும் அவன் இதைக் கேட்டதில்லை.

"தேய்ச்சு வச்ச வெண்கலம் மாதிரி. கண்ணு மட்டும் நல்ல சிவப்பு."

சிவப்பா என்று அந்தக் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மீனைத் தண்ணீரில் விட்டான்.

மத்தியானத்துக்குள் ஒன்பது மீன். கரையேறும்போது, காலையிலிருந்து ஒன்றும் சிக்காமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு நெவின், என்ன நிறத்துக்கு மீன் கடித்தது என்று கேட்டான்.

"அது என் பொண்டாட்டி டிபார்ட்மென்ட்டு. அவகிட்டயே கேளு" என்றான் கேலன்.

ரோடா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "வெள்ளை. பளீர்னு வெள்ளை."

நெவின் நன்றி சொல்லிவிட்டு அவசரமாகப் பெட்டியைத் திறந்தான். கேலன் வண்டிக்குப் பின்னால் குனிந்து, கட்டியிருந்த கயிற்றையே மறுபடி கட்டினான். சிரிப்பில் தோள் குலுங்கியது. ஆற்றின் நடுவே நெவின் வீசிய ஒரு வெள்ளைப் புள்ளி பறந்துபோய் விழுந்தது. திரும்பி வந்து மறுபடியும் பறந்தது.