டார்ச் லைட், மூன்றாவது ஆணி

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்லும் அக்காவின் வீட்டு டார்ச் லைட், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு முதன்முதலாகப் பதில் சொன்னது. “இங்கதான் இருக்கேன்” என்றது ஃப்ரிட்ஜின் மேலிருந்து. அக்கா திடுக்கிடவில்லை. “டார்ச் லைட் எங்க போச்சு?” என்று பத்து நிமிடமாகச் சுவரைத் தடவிக்கொண்டிருந்த எரிச்சல்தான் அவருக்கு இருந்தது. “இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதானே” என்று கடிந்துகொண்டு, அதை எடுத்து வாசலுக்குப் பக்கத்தில் மூன்றாவது ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போனார்.

அக்காவுக்கு முப்பத்தைந்து வயதில் பார்வை மங்கத் தொடங்கியது. வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும், எதிரே ஏதோ வருவது தெரியும். வருவது ஆளா, கொடியில் காயும் சட்டையா என்பது மட்டும் மோதும் தூரத்துக்கு வந்தால்தான் தெரியும். “இருக்கறது போகாது, போனது வராது” என்று கண் மருத்துவர் கையை விரித்துவிட்டார். வேலைக்கு அதனால் குந்தகம் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேருந்துகளின் நேரமும் அவருக்கு மனப்பாடம், மைக்குக்குக் கண் தேவையில்லை. பயமெல்லாம் வீட்டில்தான். தீப்பிடித்தால், தண்ணீர் புகுந்தால், நிலம் ஆடினால், மற்றவர்கள் பார்த்துக்கொண்டு ஓடுவார்கள். தான் தடவிக்கொண்டு ஓட வேண்டும். தடவிக்கொண்டு ஓடுகிறவள் முன்கூட்டியே ஓடிப் பார்த்திருக்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். இரண்டாம் மாடியிலிருந்து தரைக்கு முப்பத்தாறு படிகள், பத்தொன்பதாவது படியின் முனை உடைந்தது. ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் டேப் ஒட்டினார். காலை மாத்திரை டப்பாவுக்கு ஒரு ரப்பர் பேண்டு, ராத்திரி மாத்திரைக்கு இரண்டு. பழைய மூக்குக்கண்ணாடி ஒன்று, விசில், கயிறு, சின்ன ரேடியோ, கட்டைவிரல் பருமனில் எழுதிய போன் நம்பர்கள் எல்லாம் ஒரு முதுகுப்பைக்குள் போயின. மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையை மாட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடியபடி, கீழே இறங்கிக் கட்டடத்தைச் சுற்றிவிட்டு மேலே வருவார்.

இதோடு இன்னொரு பழக்கமும் ஒட்டிக்கொண்டது. எந்தப் பொருளை எங்கே வைத்தாலும், தொழில் குரலில் அதை இரண்டு தரம் அறிவிப்பார். “டார்ச் லைட், வாசல் பக்கம், மூன்றாவது ஆணி. டார்ச் லைட், வாசல் பக்கம், மூன்றாவது ஆணி.” எறும்பளவு எழுத்தைக்கூடக் கண்ணாடி இல்லாமல் படிக்கும் எதிர்வீட்டுப் பிழைதிருத்துபவர், அச்சகத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் வாசலில் நின்று சிரிப்பார். “ஏன் அக்கா, உங்க டார்ச் லைட் எத்தனை மணிக்குக் கிளம்புது?” அக்காவின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். தங்கமான மனிதர், ஆனால் எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது என்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது. அவருடைய பதினான்காம் நம்பர் ஸ்பேனர் அடுப்பு மேல் கிடக்கும், தலையணைக்கு அடியில் கிடக்கும், ஒருமுறை ரொட்டி டப்பாவில் கிடந்தது. ஒவ்வொரு முறையும் அக்கா அதைத் துடைத்து, “ஸ்பேனர், நாலாவது ஆணி” என்று அறிவித்து மாட்டுவார். இப்படிப் பதினோரு வருடம்.

டார்ச் லைட் வாய் திறந்த ஒரே மாதத்தில் மற்றவையும் திறந்தன. தீப்பெட்டிக்குக் கீச்சுக்குரல். கயிறு ஒரு வார்த்தையை இழுத்து முடிப்பதற்குள் பால் பொங்கிவிடும். இரண்டு ரப்பர் பேண்டு போட்ட டப்பா ஒரே சமயத்தில் இரண்டு குரலில் பேசியது. அக்கா இடம் சொல்லி வைத்த பொருட்கள் மட்டுமே பேசின, அதுவும் அக்கா கூப்பிட்டால் மட்டும். மெக்கானிக் தன் சீப்பை அரைமணி நேரம் கெஞ்சிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, விரலாலேயே தலை வாரிக்கொண்டு போனார். பிழைதிருத்துபவர் ஒருநாள் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், ரேடியோவுக்கு ‘ழ’ வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று வருடம் கழித்து ஓயாத மழை வந்தது. எட்டு நாள் பெய்தது. ஒன்பதாம் நாள் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணிக்கு ஆற்றங்கரை உடைந்து தண்ணீர் தெருவுக்குள் புகுந்தது. மின்சாரம் போயிற்று. படிக்கட்டுக்கு ஜன்னல் கிடையாது என்பதால் அது பட்டப்பகலிலேயே குகை மாதிரி இருண்டுவிட்டது. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தவர்கள் முதல் படியைக் காணாமல் அப்படியே நின்றார்கள். மெக்கானிக் ஒன்றரை மணிக்கே, லிஃப்டை மேலே ஏற்றிவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போயிருந்தார். மின்சாரம் போவதற்கு முன்பே லிஃப்ட் நான்காம் மாடிக்கு வந்து, கதவு திறந்து நின்றது. உள்ளே யாரும் இல்லை.

அக்கா பால்கனியில் நின்று மூன்று முறை கூப்பிட்டார். மழை அந்தக் குரலை அப்படியே விழுங்கிவிட்டது. உள்ளே வந்து நாலாவது ஆணியைத் தடவினார். அது காலி. ஆணி காலியாக இருந்ததற்காக அக்கா சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். மறுபடி பால்கனிக்குப் போய் மூச்சை இழுத்து, “ஸ்பேனர், எங்க இருக்கே?” என்றார்.

“பம்ப் ரூம்ல” என்றது ஸ்பேனர். மனிதக் குரலை அமுக்கத் தெரிந்த மழைக்குச் சாமான்களின் குரலை அமுக்கத் தெரியவில்லை. “மெயின் சுவிட்சை அணைக்க வந்தோம். தண்ணி தள்ளிக் கதவு சாத்திக்கிச்சு, வெளித்தாழ் விழுந்துடுச்சு. அவரும் இருக்காரு.”

“தண்ணி எவ்வளவு இருக்கு?”

“அவருக்கு மார்பு வரைக்கும். நான் அவரோட பின்பாக்கெட்ல இருக்கேன். நான் எப்பவோ முழுகிட்டேன்.”

டார்ச் லைட்டைக் கூப்பிட்டால், “என் பேட்டரியை அவரு நேத்தே கழட்டிட்டாரு” என்றது. அக்கா பையை மட்டும் மாட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு வந்தார். இருட்டில் முதலில் கைக்குக் கிடைத்தது பிழைதிருத்துபவரின் சட்டை. “எனக்கு ஒண்ணுமே தெரியலையே அக்கா” என்றார் அவர், அழுகிற குரலில்.

“எனக்கு எப்பவும் தெரியாது. தோளைப் புடிச்சுக்கிட்டு வாங்க.”

பத்தொன்பதாவது படி வந்ததும், “முனை உடைஞ்சிருக்கு, உள்ளே தள்ளிக் கால் வைங்க” என்று எச்சரித்தார். முப்பதாவது படியில் தண்ணீர் காலைத் தொட்டது. கீழே போனதும் கயிற்றின் ஒரு முனையைக் கைப்பிடிக் கம்பியிலும் மறு முனையை இடுப்பிலும் கட்டி, நடுக்கயிற்றைப் பிழைதிருத்துபவரிடம் கொடுத்தார். அங்கிருந்து பம்ப் ரூமுக்குச் சுவரோரமாக இருபத்திரண்டு எட்டு. செம்மண் கலங்கிய தண்ணீர் இடுப்பில் தொடங்கி நெஞ்சுக்கு ஏறியது. அதற்குள் என்ன இருக்கிறது என்று உலகத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுவரைத் தடவி நடந்து பழகிய கைக்குத் தெரிந்தது. தாழ்ப்பாள் முழங்கைக்குக் கீழே தண்ணீருக்குள் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். கதவு பிளந்து ஒரு பக்கெட், ஒரு பலகை, அதன் பின்னால் மெக்கானிக் என்று வரிசையாக வெளியே வந்தன.

தண்ணீரைத் துப்பிவிட்டு மெக்கானிக் கேட்ட முதல் கேள்வி இதுதான். “அரைமணி நேரமா தொண்டை கிழியக் கத்தறேன், உனக்குக் கேக்கல. இந்த ஸ்பேனர் ஒரு தடவை சொன்னதும் வந்துட்டே?”

“அது கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுது” என்றார் அக்கா. “நீங்க என்னைக்குச் சொல்லியிருக்கீங்க?”

சொல்லிவிட்டு அவர் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தவர், மேலே ஏறி முடிக்கும்வரை விடவில்லை. அன்று கீழ்வீடுகளிலும் முதல் மாடியிலும் இருந்த பதினெட்டுப் பேர், ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, அக்காவின் எண்ணிக்கைக்குக் கால் வைத்து மேலே ஏறினார்கள். தண்ணீர் வடிய மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் யாருக்கு எது வேண்டுமானாலும் அக்கா கூப்பிட, பொருள் பதில் சொல்ல, குறையில்லாமல் கழிந்தது.

அதன்பின் அந்தக் கட்டடத்தில் எல்லாரும் சாமான்களுக்கு இடம் சொல்லி வைக்கத் தொடங்கினார்கள். அவசரப்பட்டவர்களுக்குப் பலிக்கவில்லை; தினமும் விடாமல் சொன்னவர்களுக்கு நாலைந்து வருடத்தில் பலித்தது. பிழைதிருத்துபவரின் சாமான்கள் ஒற்றுப்பிழை இல்லாமல் பேசின, ஆனால் யாரிடமும் சிரித்துப் பேசவில்லை. காலையில் எல்லா வீட்டுச் சாவிகளும் ஒரே நேரத்தில் குரல் கொடுத்ததால், ஆறு மணிக்கு முன் யாரும் சாவியைக் கூப்பிடக் கூடாது என்று குடியிருப்போர் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் கதவைத் தட்டி விசாரிப்பார்கள், அடுத்த வாரம் ஆணி வாங்கப் போய்விடுவார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர் வந்தபோது, வீட்டில் பேசுகிறவர்கள் எத்தனை என்று படிவத்திலேயே கட்டம் இருந்தது. ஆட்கள் இரண்டு, சாமான் நூற்றுப் பதினாறு என்று எழுதிக்கொண்டு போனவர், தன் பேனாவை மேஜைமேல் மறந்துவிட்டார். அக்கா அதைத் தடவி எடுத்து, ஜன்னலோரக் குவளையில் போட்டு, வழக்கம்போல் இரண்டு தரம் அறிவித்தார். அதற்கப்புறம் தினமும் தூசி தட்டி, தினமும் அறிவித்தார். ஏழு வருடம் கழித்து அடுத்த கணக்கெடுப்புக்கு அதே மனிதர் வந்தார். காபி குடித்து முடித்து, போன தடவை ஒரு நீலப் பேனாவை எங்கோ விட்டுவிட்டேன், ராசியான பேனா, நீங்கள் பார்த்தீர்களா என்று கூச்சத்தோடு கேட்டார். அக்கா பேனாவைக் கூப்பிட்டார்.

“இங்கதான் இருக்கேன்” என்றது குவளையிலிருந்து. “நான் வரலைன்னு சொல்லிடுங்க.”

கணக்கெடுப்புக்காரர் குவளைப் பக்கம் குனிந்தார். “சரி, சௌக்கியமா இருந்தா போதும்” என்றார். பிறகு மெக்கானிக்கிடம் ஒரு பென்சிலை வாங்கி, போன தடவையின் நூற்றுப் பதினாறை அடித்து நூற்றுப் பதினேழு என்று எழுதிக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனார்.