மனப்பாடம் செய்த மூளை

ஏணி, உப்பு, குடை, சிவப்பு, தண்டவாளம்.

இந்த ஐந்து வார்த்தைகளையும் டீச்சர் தன் கணவருக்கு இரண்டு மாதமாகத் தினம் காலையில் பல் தேய்த்த கையோடு ஒப்பிக்க வைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் குடியிருப்பில் டீச்சர் என்றால் மூன்றாம் மாடியில் டியூஷன் எடுக்கும் அவள்தான். எந்தப் பரீட்சையானாலும் பழைய கேள்வித்தாளை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து, பிள்ளைகளின் மண்டையில் அடித்து இறக்கிவிடுவாள். புரிவதெல்லாம் மேல்படிப்புக்குப் போனபிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதி என்பது அவள் கட்சி.

கணவர் கோபுரக் கிரேன் ஓட்டுபவர். எண்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பார். அவர் இறக்கினால்தான் கீழே வேலை நகரும் என்பதால் கட்டுமானத்தில் அவருக்கு 'மேலிடம்' என்று பெயர். "மேலிடம் என்ன சொல்லுது?" என்று இன்ஜினியரே கேட்பார். இதய அடைப்புக்குப் பைபாஸ் செய்து மூன்று மாதம் ஆகியிருந்தது. தையல் ஆறிவிட்டது. ஆனால் மறுபடி கூண்டில் ஏற, நெஞ்சு சரியாக இருந்தால் மட்டும் போதாது, தலையும் சரி என்று ஆஸ்பத்திரி எழுதித் தர வேண்டும். தராவிட்டால் கேட்டில் உட்கார்ந்து, வரும் லாரி நம்பரை எழுத வேண்டியதுதான்.

"அதுக்கு என்னை ஆபரேஷன் மேஜையிலயே விட்டிருக்கலாம்" என்றார் அவர் ஒருநாள். அன்றுதான் டீச்சர் பாடத்தைத் தொடங்கினாள்.

கேள்வித்தாள் அவளுக்குத் தானாக வந்து வாய்த்திருந்தது. அந்த ஆஸ்பத்திரியில் தலைக்கென்றே ஒரு பெரிய டாக்டர் இருந்தார். பெரிய ஆபரேஷன் முடிந்த சிலருக்கு ஞாபகமும் கவனமும் மாதக்கணக்கில் மந்தமாகிவிடும். அதைத் தடுக்கத் தான் ஒரு மூலிகைக் கஷாயம் கண்டிருப்பதாக அவர் சொன்னார். நிறம் கரும்பச்சை, வாசனை ஈரச் சாக்கு. நாற்பது நோயாளிகளுக்குக் கொடுத்து, ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் ஞாபகத்தைச் சோதித்தார்கள். ஐந்து வார்த்தையைச் சொல்லி, கொஞ்சநேரம் கழித்துத் திருப்பிக் கேட்பது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வது. கடிகாரம் வரையச் சொல்வது. முதல் சோதனையின்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீச்சர் ஒன்றைக் கவனித்தாள். சோதனை எடுத்த பெண்ணின் கையில் இருந்தது ஒரே தாள். எல்லாருக்கும் அதையே நகல் எடுத்து வைத்திருந்தார்கள். இருபது வருட டியூஷன் அனுபவத்தில் இதைவிடச் சுலபமான பரீட்சையை அவள் பார்த்ததில்லை.

ஆபரேஷனுக்கு முன் மேலிடம் வாங்கியது முப்பதுக்கு இருபத்தைந்து. போன வாரம் முப்பதுக்கு முப்பது. பெரிய டாக்டர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாராம். சனிக்கிழமை விழா, பத்திரிகைக்காரர்கள், மருந்துக் கம்பெனி ஆட்கள், மேடையிலேயே தகுதிச் சான்றிதழ் என்று ஏற்பாடாகிவிட்டது. திங்கட்கிழமை கூண்டு.

சனிக்கிழமை காலை டீச்சரின் தம்பி ஆட்டோ கொண்டுவந்தான். அவனும் அதே கட்டுமானத்தில்தான் வேலை. சுமைக்குக் கீழே நின்று மேலே பார்த்துக் கை காட்டுகிற சைகைக்காரன். அவன் கை சொல்வதைத்தான் மாமாவின் கை செய்யும்.

"என்ன மாமா, திங்கக்கிழமை நம்ம கச்சேரி. ஒரு ஒத்திகை பாத்துரலாமா?" என்று கூடத்தில் நின்றபடியே கையை ஆட்டினான்.

விரலை மேலே காட்டிச் சுற்றினான்.

"தூக்கு" என்றார் அவர்.

பக்கவாட்டில் நீட்டினான்.

"திருப்பு."

உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து நீட்டி அசைத்தான். நிறுத்து.

"திருப்பு" என்றார் அவர்.

தம்பி சிரித்தான். "கிண்டலைப் பாரு." மறுபடி காட்டினான், இந்தமுறை கொஞ்சம் வேகமாக. தூக்கு, இறக்கு, நிறுத்து. அவர் "தூக்கு, இறக்கு" என்றார். பிறகு அந்தக் கையையே பார்த்தபடி, "இறக்கு" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, எதுவும் நடக்காதவர்போலக் கண்ணாடிப் பக்கம் போய்விட்டார்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, முப்பதுக்கு முப்பதுன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"திங்கக்கிழமை ரெண்டு டன் கம்பி மேல போகுது. கீழ நிக்கிறது நான்."

டீச்சர் கண்ணாடி முன் நின்ற கணவரைப் பார்த்தாள். ஒரு வாரமாகவே அவர் அடுப்பைப் பற்றவைக்கப் போய் வெறுமனே நிற்பதையும், சொன்ன கதையின் நடுவில் தொலைந்துபோவதையும் பார்த்துவிட்டு, களைப்பு என்று தனக்குத்தானே மார்க் போட்டு வைத்திருந்தாள்.

வழியெல்லாம் அவர் உற்சாகமாக இருந்தார். "மேடையில கேட்டாலும் கேப்பாங்க. ஏணி, உப்பு, குடை... ஏன் உம்முன்னு வர்றே? பாஸ் பண்ணப்போறது நான்தானே."

அரங்கில் பெரிய டாக்டர் ஒரு மணி நேரம் பேசினார். முதலில் மூளையைப் பற்றி, பிறகு மூலிகையைப் பற்றி, பெரும்பாலும் தன்னைப் பற்றி. காட்டில் அலைந்ததைச் சொன்னார். எந்தக் காடு என்று சொல்லவில்லை. திரையில் ஒரு கோடு ஆபரேஷனுக்குப் பிறகு மேல்நோக்கிப் போயிற்று. அந்தக் கோடு போகிற போக்கைப் பார்த்தால் நல்ல மூளை வேண்டுமென்பவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நெஞ்சை அறுத்துக்கொள்வது உத்தமம் என்று தோன்றியது.

"இதோ சாட்சி" என்று மேலிடத்தை மேடைக்கு அழைத்தார். சான்றிதழ் தட்டில் இருந்தது, பேனா திறந்திருந்தது. "எல்லாரும் பார்க்க ஒரு சின்னச் சோதனை."

சோதனைப் பெண் தாளோடு வந்தாள். "ஐயா, இப்ப அஞ்சு வார்த்தை சொல்லப்போறேன். நல்லா கேட்டு..."

"ஏணி, உப்பு, குடை, சிவப்பு, தண்டவாளம்" என்றார் அவர்.

அவள் இன்னும் தாளைப் பார்க்கக்கூட இல்லை. அரங்கம் ஒரு கணம் விழித்தது. சோதனைப் பெண்ணின் முகம் வெளுத்தது. ஆனால் பெரிய டாக்டர் இதற்கெல்லாம் அசருகிறவர் அல்ல. "கவனியுங்கள்" என்றார் மைக்கில், "கேட்பதற்கு முன்பே."

கைதட்டல் எழுந்தது. அவர் பேனாவை எடுத்தார்.

டீச்சர் எழுந்து நின்றாள்.

"டாக்டர், வேற வார்த்தை கேளுங்க."

"அம்மா, உட்காருங்க. இது அங்கீகாரம் பெற்ற தாள்."

"தாளை நான் பாத்துட்டேன் டாக்டர். ரெண்டு மாசமா நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவருக்கு ஞாபகம் நல்லாயிருக்கான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

மேடையிலிருந்து கணவர் அவளைப் பார்த்தார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் அப்படி ஒரு பார்வையை அவள் பார்த்ததில்லை. "ஏய், உட்காரு" என்றார் மெதுவாக. மைக் அதையும் எல்லாருக்கும் சொன்னது.

பெரிய டாக்டர் சிரித்தார். "மனப்பாடம் செய்யவும் மூளை வேணும் இல்லையா? அதைக் கொடுத்தது யாரு?" மறுபடி கைதட்டல், ஆனால் இந்தமுறை மருந்துக் கம்பெனி வரிசையிலிருந்து மட்டும்.

சோதனைப் பெண் அவரிடம் அனுமதி கேட்கவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டுக் கண்ணை அரங்கத்தின்மேல் ஓட்டினாள். "ஐயா, இதைக் கேளுங்க. கதவு, செருப்பு, மேகம், பித்தளை, முயல். திருப்பிச் சொல்லுங்க."

அவர் சொன்னார்.

"நூறிலேர்ந்து ஏழேழா கழிங்க."

"தொண்ணூத்தி மூணு, எண்பத்தி ஆறு, எழுபத்தி ஒன்பது." அதுவும் பாடம்தான், கடகடவென்று வந்தது.

"இப்ப அந்த அஞ்சு வார்த்தை?"

"கதவு" என்றார் அவர். "செருப்பு."

விளக்கு வெளிச்சத்தில் அவர் நெற்றி மினுங்கியது. உதடு எதையோ தேடியது. கடைசியில், பிடிமானம் கிடைத்தவர்போல, "உப்பு" என்றார்.

"குடை" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் அன்போடு எடுத்துக்கொடுத்தார். நாற்பது பேரில் அவரும் ஒருவர். அவர் மனைவி அவர் தொடையில் கிள்ளுவது டீச்சருக்குத் தெரிந்தது. இன்னும் இரண்டு குடும்பங்கள் திடீரென்று செல்போனைப் பார்க்கத் தொடங்கின.

பெரிய டாக்டர் பேனாவை மூடினார். பிறகு, சிற்றுண்டி தயாராக இருப்பதாக அறிவித்தார்.

வராந்தாவில் சோதனைப் பெண் பின்னாலேயே ஓடிவந்தாள். டீச்சர் தலை நிமிரவில்லை. "மருந்து பொய்தானாம்மா?"

"அதையும் சொல்ல முடியாதுக்கா. வேலை செஞ்சிருக்கலாம், செய்யாமலும் இருந்திருக்கலாம். நாற்பது பேர் தாளும் கெட்டுப்போச்சு. ஒரே தாளை வெச்சது எங்க தப்பு." கணவரைக் கண்ணால் காட்டினாள். "இவரை வேற நரம்பு டாக்டர்கிட்ட காட்டுங்க. ரொம்பப் பேருக்கு இது மெல்ல சரியாகும். ஆனா சரியாச்சான்னு நிஜமா பாக்கணும்."

கணவர் தள்ளி, ஜன்னலோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தம்பி பக்கத்தில் நின்றான். டீச்சர் போய் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள்.

"நாலு பேர் முன்னால என் மானத்தை வாங்கிட்டே" என்றார் அவர்.

"ஆமா."

"வீட்டிலயே சொல்லியிருக்கலாம்ல."

"நீங்க கேட்டிருப்பீங்களா?"

அவர் தம்பியைப் பார்த்தார். "மாப்ள, காலையில நான் எத்தனை தப்பு விட்டேன்?"

தம்பி அக்காவைப் பார்த்தான். பிறகு, "ரெண்டு மாமா" என்றான்.

"ரெண்டும் நிறுத்துதானா?"

"ஆமா மாமா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்போனை எடுத்து, கட்டுமான மேனேஜரின் நம்பரை அவரே தேடி அழுத்தினார்.

"சார், நான்தான். திங்கக்கிழமை நான் ஏறல. வேற ஆளைப் போட்டுக்குங்க... இல்ல சார், நெஞ்செல்லாம் நல்லாயிருக்கு. டாக்டரும்... அது இல்ல சார். இது வந்து..."

வார்த்தை நின்றுபோயிற்று. அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். எந்தப் பிள்ளை கரும்பலகை முன் திக்கினாலும் அந்தப் பார்வைதான் பார்க்கும். டீச்சரின் நாக்கு நுனியில் பதில் தயாராக நின்றது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். மேனேஜர் "ஹலோ, ஹலோ" என்பது இங்கே வரை கேட்டது.

"இருங்க சார், சொல்றேன்" என்றார் அவர். "உடம்பு வேலைக்கு வந்துருச்சு. மண்டை இன்னும் லீவுல இருக்கு."