ஒன்பது நாள் பரவாயில்லை

கடலூர் நிறைநிழல் இல்லத்தின் வரவேற்பறைச் சுவரில் ஐந்து நட்சத்திரம் போட்ட சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அந்த நட்சத்திரங்களில் தன் பங்கும் உண்டு என்பது இளமதிக்குத் தெரியும். அப்பாவைச் சேர்த்த மூன்றாம் நாள் நர்ஸ் ஒரு அட்டையை நீட்டியபோது, அதிலிருந்த க்யூஆர் கட்டத்தைப் போனில் படம் பிடித்து, திறந்த பக்கத்தில் ஐந்து நட்சத்திரத்தையும் வரிசையாகத் தட்டியவள் அவள்தான். "கனிவான கவனிப்பு. அப்பா பரவாயில்லை என்கிறார்" என்று கீழே இரண்டு வரியும் எழுதினாள். பிற்பாடு அந்த இரண்டு வரியை நினைத்தபோதெல்லாம் தட்டின விரலை ஒடித்துக்கொள்ளலாம் போல இருந்தது அவளுக்கு.

இளமதி சிதம்பரத்தில் அறிவியல் டீச்சர். இருபத்திரண்டு வருடமாக விடைத்தாள் திருத்துகிறவள். தெரிந்து எழுதினதா, பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதினதா என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் அப்பாவின் கடைசி நாட்களுக்கு இடம் தேடும்போது சும்மா தேடுவாளா? ஒரு நோட்டில் கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு மூன்று இல்லங்களுக்குப் படியேறினாள். ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில், டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருவார், கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, மார்ஃபின் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்குமா என்றெல்லாம் கேட்டாள். நிறைநிழல் எல்லாவற்றிலும் தேறியது. கேட்க விட்டுப்போனது ஒரே ஒரு கேள்விதான். வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாத ஆளுக்கு வலிப்பதை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

அவள் அப்பா வைத்திலிங்கம் அந்த ரகம். நெல்லிக்குப்பத்தில் நாற்பது வருடம் கரும்பு டிராக்டர் ஓட்டினவர். ஒருமுறை சுமை ஏற்றின டிரெய்லர் மேலிருந்து விழுந்து கால் முறிந்து, நாலு பேர் அவரைத் தூக்கி வந்து கட்டிலில் போட்டபோது, "பரவால்ல, பரவால்ல, நீங்க போயி வேலைய பாருங்க" என்று அவர்களை அனுப்பிவைத்தார். அதே மனிதர் உடம்பு நன்றாக இருந்தால் வீட்டில் ஒருத்தரை நிம்மதியாக இருக்க விடமாட்டார். குழம்பில் உப்பு இல்லை, ரசத்தில் புளி ஜாஸ்தி, கதவு கிறீச்சிடுகிறது, டிவியில் செய்தி வாசிக்கிறவள் ரயிலுக்குப் போகிற மாதிரி வாசிக்கிறாள். அவர் குற்றம் கண்டுபிடித்தால் சுகமாக இருக்கிறார் என்று அர்த்தம். பரவாயில்லை என்றால் உடனே ஆட்டோவைக் கூப்பிட வேண்டும். அம்மா கொளஞ்சியம்மாளுக்கு இது அத்துப்படி. "இந்த மனுசனுக்கு எதுதான் பரவா இருக்குமோ" என்று தலையில் அடித்துக்கொள்வாள். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

கணையத்தில் கட்டி, முற்றிவிட்டது, இனி வைத்தியம் என்று ஒன்றும் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள். வலி தெரியாமல் என்ற அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இளமதி அவரை வீட்டைவிட்டுக் கிளப்பினாள்.

ஒன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. சிதம்பரத்தில் பஸ் ஏறி, கடலூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நசுங்கி அவள் வந்து சேர்ந்தபோது அப்பாவின் முன்னால் இட்லித் தட்டு இருந்தது. பாதி இட்லி சாம்பாரில் ஊறிக் கிடந்தது. அதைச் சாம்பார் என்று சொல்வதே பெரிய மனசு. வெந்நீரில் மஞ்சள் தூளைக் கலக்கி, மேலே இரண்டு கறிவேப்பிலையை மிதக்க விட்டிருந்தார்கள். எப்படிப்பா இருக்கிறது சாம்பார் என்று பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"சாம்பார் பரவால்லம்மா" என்றார் அப்பா.

எழுபத்து நாலு வருடத்தில் அந்த மனிதர் எந்தச் சாம்பாரையும் பரவாயில்லை என்று சொன்னதில்லை. இளமதியின் கல்யாணத்தில் நானூறு பேர் புகழ்ந்துவிட்டுப் போன சாம்பாரில்கூடப் பெருங்காயம் தூக்கல் என்றவர். அப்போதுதான் அவரைச் சரியாகப் பார்த்தாள். முகம் சிரித்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. போர்வையில் பாதி மறைந்திருந்த இடது கை கட்டில் கம்பியைப் பிடித்திருந்த பிடியில் விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. முதுகுக்கு முட்டுக் கொடுக்கத் தலையணையை இழுத்தாள். உறையின் ஒரு முனை கசங்கி, நனைந்து, பல் பதிந்து கிழிந்திருந்தது.

பக்கத்துக் கட்டிலில் அந்தோணிசாமி என்று ஒருவர் இருந்தார், ஐஸ் பேக்டரியில் வேலை பார்த்தவர். அவர் தணிந்த குரலில் சொன்னார். "ஆளு இல்லாதப்ப தலவாணிய கடிச்சிகிட்டு கெடக்கறாரும்மா. யார்னா வந்தா சிரிக்கறாரு."

கட்டிலின் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்கியது. அதில் மூன்று கட்டம்: மோசம், பரவாயில்லை, நன்று. காலையும் மாலையும் நர்ஸ் வந்து எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நோயாளி சொல்வதற்கு ஏற்ப ஒரு எழுத்தைப் போடுவாள். மோசம் என்றால் டாக்டருக்குப் போன் போகும். மற்ற இரண்டுக்கும் ஒன்றும் வேண்டியதில்லை. ஒன்பது நாளாகக் காலையும் மாலையும் ஒரே எழுத்து, "ப". அதற்குக் கீழே மருந்துச் சீட்டில், மார்ஃபின், கேட்டால் மட்டும் கொடுக்கவும் என்று எழுதியிருந்தது. ஒரு மாத்திரைகூடக் கொடுக்கப்படவில்லை.

அவளுக்குக் கோபம் உள்ளங்காலிலிருந்து ஏறியது. நர்ஸ் ஜான்சியைக் கூப்பிட்டாள். இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும். பதினாலு கட்டிலுக்கு அவள் ஒருத்தி. தாத்தா கேட்கவே இல்லையே டீச்சர், கேட்டால் கொடுத்திருப்பேனே என்று அவள் கண்ணைக் கசக்கினாள். அவள்மேல் எரிந்து விழுவதில் அர்த்தமில்லை என்று இளமதிக்குப் பட்டது. மேலே யார் என்று கேட்டாள். தர மேலாளர் செம்பியன் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டிய மனிதர். மடிக்கணினியைத் திறந்து ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு தரையோடு தரையாக ஓடியது. இல்லத்தில் இருப்பவர்களின் வலி அளவாம் அது. இவ்வளவு தாழ்வான கோடு வேறு எந்த இல்லத்திலும் இல்லையாம். சுவரில் தொங்கும் சான்றிதழ் அதையும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்ததாம். நோயாளியின் வாயிலிருந்து வருவதை எழுதுவதுதான் முறை, நாமாக ஒன்றை எழுதினால் அது பொய்க் கணக்கு என்று விளக்கம் வேறு. சந்தேகமானால் இப்போதே கேட்டுவிடலாம் என்று கட்டிலருகே வந்து குனிந்து, வலி இருக்கிறதா ஐயா என்று உரக்கக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார். பரவால்ல" என்றார் வைத்திலிங்கம். சொன்ன கையோடு சிரிக்கவும் சிரித்தார்.

செம்பியன் இளமதியைத் திரும்பிப் பார்த்தார். கேஸ் முடிந்தது என்கிற பார்வை அது. அந்த முகத்தில் ஒன்று வைக்கலாமா என்று அவளுக்குத் தோன்றியதை இங்கே மறைப்பானேன், தோன்றத்தான் செய்தது. ஆனால் அப்பாவை வைத்துக்கொண்டு அடிதடி நடத்த முடியாது. அவர் காதோரம் குனிந்தாள். ஏம்பா இப்படிப் பண்ணுகிறாய், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கெஞ்சினாள்.

அப்பா, செம்பியன் காதில் விழாதபடி சொன்னார். "நீ தேடி அலைஞ்சி புடிச்ச எடம்மா இது. போன்ல நட்சத்திரம்லாம் போட்டியே, நான் பாத்துகிட்டுதான இருந்தேன். நான் கொற சொன்னா ஒனக்கு மொகம் என்னாவும்?"

இளமதி நிமிர்ந்தாள். அழுகை வர வேண்டிய இடம்தான். வந்ததோ ஆத்திரம். அப்பாவின் மேல், இந்த டையின் மேல், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் விரலின் மேல். அவள் தட்டின ஐந்து நட்சத்திரத்துக்காக ஒரு மனிதர் ஒன்பது நாள் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். கைப்பையைத் திறந்தாள். டீச்சர் பையில் எது இல்லாவிட்டாலும் சிவப்புப் பேனா இருக்கும். கால்மாட்டு அட்டையைக் கழற்றி எடுத்து, அதுவரை விழுந்திருந்த பதினேழு "ப"வையும் ஒவ்வொன்றாக அடித்தாள்.

செம்பியன் பதறிப் போய், அது ஆவணம் மேடம், அதில் நீங்கள் கை வைக்கக் கூடாது என்றார்.

"நீங்க சாம்பார பத்தி கேட்டீங்களா சார்?" என்றாள் இளமதி. குரல் வகுப்பறைக் குரல் ஆகிவிட்டது. வார்டில் பதினாலு தலையும் திரும்பின. "எங்கப்பா இந்தச் சாம்பார பரவால்லன்னு சொல்றாரு. அப்படின்னா அவருக்கு உசுரு போவுதுன்னு அர்த்தம். அவுங்க வாயில வர்றத எழுதறீங்க சரி, தலவாணில இருக்கறத யாரு எழுதறது? பதிலே எழுதாத பேப்பருக்கு நூத்துக்கு நூறு போட்டு, அத கண்ணாடி போட்டு மாட்டியும் வச்சிருக்கீங்க."

பல் பதிந்த தலையணை உறையை உருவி மடிக்கணினியின் மேல் போட்டாள். வரைபடம் மறைந்துபோனது. செம்பியன் அந்த உறையைத் தொடவும் இல்லை, தள்ளவும் இல்லை.

ஜான்சி அதற்குள் டாக்டர் ஆரோக்கியராஜுக்குப் போன் போட்டு இளமதியின் கையில் கொடுத்துவிட்டாள். டாக்டர் முழுதும் கேட்டார். கேட்டால் கொடுங்கள் என்று எழுதியது தன் கைதான், கேட்க மாட்டார் என்று தனக்குத் தோன்றவில்லை, தப்புதான் என்றார். பெரிய படிப்புப் படித்தவர் ஒருவர் தப்பு என்ற வார்த்தையைச் சொல்லி அவள் அன்றுதான் கேட்டாள். இனி கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாலு மணி நேரத்துக்கு ஒரு மாத்திரை என்று உத்தரவு ஆனது.

மாத்திரை உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்து, கட்டில் கம்பியிலிருந்து அப்பாவின் கை தானாக நழுவியது. வாய் லேசாகத் திறந்து, அவர் தூங்கினார். இளமதி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளங்கையில் கம்பியின் தடம் சிவப்புக் கோடாகக் கிடந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது.

நாலு மணிக்கு டீ வந்தது. அவர் எழுந்து ஒரு மடக்குக் குடித்தார். முகத்தைச் சுளித்தார். டம்ளரை உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்னாம்மா இது? டீயா, பாத்திரம் கழுவுன தண்ணியா?"

இளமதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து புரையேறியது. ஜான்சி ஓடி வந்து, டீயை மாற்றிக் கொடுக்கவா தாத்தா என்று கேட்டாள். மாற்றினால் மட்டும் என்ன ஆகப்போகிறது, போட்டவன் அதே ஆள்தானே என்றார் அவர். போகிற போக்கில் ஜான்சி பக்கத்துக் கட்டிலையும் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள்.

"எனக்கு பரவால்லம்மா" என்றார் அந்தோணிசாமி.

ஜான்சி பேனாவை அட்டையில் வைக்கப் போனவள் வைக்கவில்லை. இளமதியைப் பார்த்தாள். பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவருடைய தலையணையைப் புரட்டிப் பார்த்தாள். அன்று சாயங்காலம் டாக்டருக்கு இன்னும் நாலு போன் போனது.

வைத்திலிங்கம் அதற்கப்புறம் பதினோரு நாள் இருந்தார். அந்தப் பதினோரு நாளும் அவர் பேசாத குற்றம் இல்லை. மின்விசிறி சத்தம் போடுகிறது. டாக்டர் செண்ட் ஜாஸ்தி பூசுகிறார். ஜான்சிக்குத் தலைவாரத் தெரியவில்லை. கடைசி நாள் காலையில் கஞ்சியை இரண்டு ஸ்பூன் வாங்கிக்கொண்டு, உப்பு இல்லை என்றார். அன்று மத்தியானம் தூக்கத்திலேயே போய்விட்டார். போகும்போது கை விரிந்துதான் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சிதம்பரம் வீட்டில் இளமதி பாத்திரங்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. சின்னப் பெண்ணின் குரல். நிறைநிழலின் தரத்தை மதிப்பிடுகிற கம்பெனியிலிருந்து பேசுகிறதாம், ஐந்தே நிமிடம் போதுமாம். தங்கள் தந்தைக்குக் கிடைத்த கவனிப்பு மோசமா, பரவாயில்லையா, நன்றா என்று ஒப்பித்தது. இளமதி கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுத்தாள்.

"எல்லாருமே பரவாயில்லன்னுதான் மேடம் சொல்றாங்க. அதையே போட்டுக்கட்டுங்களா?"

"போடாதம்மா" என்றாள் இளமதி. "கடைசி பதினோரு நாளு நல்லா பாத்துகிட்டாங்க, அத எழுது. அதுக்கு முன்னாடி ஒம்போது நாளு வலில கெடந்தாரு, பரவா இருந்துச்சி. அதயும் எழுது."

அந்தப் பக்கம் விசை தட்டும் சத்தம் நின்றது. "பரவா இருந்துச்சின்னு ஒரு பட்டன் இல்லீங்களே மேடம்."

"இல்லன்னுதாம்மா எங்கப்பா தலவாணிய கடிச்சாரு. ஒனக்கு மேல இருக்கறவங்கள கூப்புடு" என்றாள் இளமதி. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நான் லைன்லயே இருக்கேன்."